வலப்பக்கம், மனே

போன கிழமை டிலினி தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை பார்த்த சிறிய விமான நிறுவனத்தில் இப்போது அவள் கப்டன். குருநாகல் பிள்ளை. தமிழ் தெரியாது, என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். விமானிகளின் கைநூலைத் திருத்தி மறுபடி அச்சடிக்கப் போகிறார்களாம். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் தனக்குப் புரியாத வரிகளையெல்லாம் சிவப்பு மையால் வெட்டிக்கொண்டு வருகிறாராம். எஞ்சின் நின்றுபோனால் செய்யவேண்டியவை என்ற பக்கத்துக்கு வந்ததும் அவருடைய பேனை நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஆங்கிலக் கட்டளைகளுக்கு நடுவே, ஆங்கில எழுத்திலேயே இரண்டு தமிழ் வரிகள் இருக்கின்றன. ஒன்று கேள்வி: "மூக்கு எங்க கிறுகுது?" மற்றது அதற்குப் பதில்: "வலப்பக்கம், மனே" அல்லது "இடப்பக்கம், மனே."

"கேள்வி எங்களுக்கு விளங்கும் சேர். விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்கிறோம். வலமும் இடமும்கூடத் தெரியும். அந்தக் கடைசிச் சொல் என்ன? எல்லோரும் சொல்கிறோம், ஒருவருக்கும் தெரியாது. எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்" என்றாள்.

பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அறுபது தாண்டிய மனிதன் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லமாட்டாமல் தொலைபேசியை வைத்தேன் என்று நினைக்கச் சிரிப்பும் வந்தது. வாயால் வராததை எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன். யாராவது அவளுக்கு மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.

எனக்கு இடது கால் ஏலாது. இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் கெண்டைக்காலை மெலிய வைத்துவிட்டுப் போனது. வலது காலைவிட இரண்டு அங்குலம் கட்டை. உணர்ச்சி உண்டு, வலு இல்லை. குருக்கள்மடத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் என்னை ஒருவரும் நொண்டி என்று கூப்பிடவில்லை என்று எழுதினால் அது பொய். கூப்பிட்டார்கள். நானும் ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டம் வைத்தேன். என்னுடைய பட்டங்கள்தான் நிலைத்தன.

படிப்பு முடிந்து இரத்மலானையில் அந்த நிறுவனத்தில் சேர்ந்தபோது என் வேலை தராசு. சிறிய விமானத்தில் பயணிகளையும் பெட்டிகளையும் நிறுத்து, யார் முன்னால், யார் பின்னால் என்று பாரம் சமப்படும்படி ஒரு தாள் எழுதவேண்டும். அந்தத் தாள்கள் போய்ச் சேரும் இடம் தலைமை விமானியின் மேசை. அவர் கப்டன் டெஸ்மண்ட். மட்டக்களப்புப் பறங்கி, போர்த்துக்கேய வழி வந்தவர். ஊரைவிட்டு வந்து முப்பது வருடமாகியும் எங்களைவிட அசலான மட்டக்களப்புத் தமிழ் பேசுவார். நெடிய மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் இஞ்சி இனிப்பு. சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவர் கோபப்பட்டால், யோசித்தால், சந்தோஷப்பட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: "மறுகா?" எங்கள் பக்கத்தில் 'பிறகு' என்பதற்கு அதுதான் சொல். நாம் ஒரு பதில் சொன்னதும் அவர் "மறுகா?" என்பார். அதற்கும் பதில் சொன்னால் திரும்பவும் "மறுகா?" பொய் சொல்லிக்கொண்டு வருபவன் மூன்றாவது மறுகாவில் விழுந்துவிடுவான்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தத் தாள் எழுதுறது நீயா?"

"ஓம் சேர்."

"ஆறு மாசமா ஒரு பிழை இல்ல. மறுகா?"

"விளங்கல்ல சேர்."

"மறுகா என்ன செய்யப் போறாய்? சாகுமட்டும் ஆக்கள நிறுத்துக்கொண்டு இருக்கப் போறியா?"

வீட்டில்கூடச் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். "ஓட்டவேணும் சேர்."

என் காலைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பார்க்காததுபோலப் பார்ப்பார்கள். அவர் நேராகப் பார்த்தார், எண்ணெய் அளவு பார்க்கிற மாதிரி. "எட்டுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "வா, இருந்து பாப்பம்" என்று எழுந்துவிட்டார். கொட்டகையில் நின்ற விமானத்தில் என்னை ஏற்றி உட்கார வைத்தார். எட்டவில்லை. சரியாக இரண்டு அங்குலம் குறைந்தது.

அந்த இரண்டு அங்குலத்தைத் தந்தவர் காத்தான்குடியில் சப்பாத்துத் தைத்துக்கொண்டிருந்த இஸ்மாயில் காக்கா. விஷயத்தைச் சொன்னதும் வேலையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, இது நடக்கவா, மிதிக்கவா?"

"மிதிக்க, காக்கா."

"அப்ப அடி உசரமா, நுனி விறைப்பா இருக்கோணும். நடக்கக்குள்ள கொஞ்சம் கஷ்டமா இருக்கும். பரவால்லியா?"

பரவாயில்லை என்றேன். இடது காலுக்கு உயர்ந்த சப்பாத்தும், வலது மிதியில் பூட்டுவதற்கு ஒரு தோல்பட்டியும் தைத்துத் தந்தார். "விழுந்துபோட்டா சப்பாத்தக் குறை செல்லப்படாது" என்று சிரித்தார்.

பட்டி எதற்கு என்று சொல்லவேண்டும், கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. விமானத்தின் சுக்கானைக் கால்களால் இயக்குகிறோம். இரண்டு மிதிகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இடது மிதி முன்னே போனால் வலது மிதி பின்னே வரும். இடது காலால் முழு வலுவோடு மிதிக்க எனக்கு ஏலாது. ஆனால் வலது பாதத்தைப் பட்டிக்குள் நுழைத்து வலது மிதியை என்னை நோக்கி இழுத்தால், இடது மிதி தானாக முன்னே போகும். மற்றவர்கள் இடது காலால் மிதிக்கிற வேலையை நான் வலது காலால் இழுத்துச் செய்தேன். இது டெஸ்மண்ட் சேரின் யோசனை. அப்போது எங்கள் இருவருக்கும் அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. அப்பா மண்டூர் வட்டையில் இருந்த வயல் துண்டை விற்றார். எனக்கு விடியற்காலையில் பறப்பு, பகலில் தராசு. அது போர்க்காலம். மட்டக்களப்பு அடையாள அட்டையோடு ஒரு விமானத்துக்குக் கிட்டப் போவது ஒவ்வொரு நாளும் ஒரு பரீட்சை. அதிலெல்லாம் எப்படியோ தேறினேன். ஒற்றை எஞ்சின் விமானத்தைத் தனியாக ஓட்டவும் பழகினேன். ஆனால் தொழிலாகப் பயணிகளை ஏற்றுவதற்கு இரட்டை எஞ்சின் அனுமதி வேண்டும், அதற்கு மருத்துவச் சான்று வேண்டும்.

டொக்டர் என் காலைப் பார்த்துவிட்டு 'தகுதியில்லை' என்று எழுதினார். அவரில் பிழையில்லை. மறுநாள் டெஸ்மண்ட் சேர் விதிப் புத்தகத்தோடு போய் அவர் முன்னால் விரித்து ஒரு பந்தியில் விரலை வைத்தார். உடற்குறை உள்ளவர், வேண்டிய எல்லாவற்றையும் வானத்தில் செய்து காட்டினால் கட்டுப்பாட்டோடு அனுமதி வழங்கலாம். செய்து காட்டியதைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டிய பரீட்சகர் டெஸ்மண்ட் சேரேதான். ஊர்க்காரர், வழி காட்டியவர், கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஆளைத் தெரியாமல் நினைத்த நினைப்பு.

இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றுபோனால் மூக்கு அந்த நின்ற எஞ்சினின் பக்கத்துக்குத் திரும்பும். வலது நின்றால் வலப்பக்கம் திரும்பும், அதைத் தடுக்க இடது காலால் மிதிக்கவேண்டும். அப்போது வலது கால் சும்மா இருக்கும். ஆகவே உலகம் முழுவதும் விமானிகளுக்கு ஒரு வசனம் படிப்பிக்கிறார்கள்: உழைக்காத கால் எந்தப் பக்கமோ, செத்த எஞ்சின் அந்தப் பக்கம். பதற்றத்தில் கண் ஏமாற்றும், கால் ஏமாற்றாது என்பார்கள். பக்கம் தெரிந்ததும் அந்த எஞ்சினின் லீவரை மெல்லப் பின்னுக்கு இழுத்து உறுதி செய்துகொண்டு, அதை முற்றாக நிறுத்தவேண்டும். பக்கத்தை மாறிப் பிடித்தால் நல்ல எஞ்சினை நாமே கொல்வோம்.

பரீட்சை நாளில் கடலுக்கு மேலே நாலாயிரம் அடியில் டெஸ்மண்ட் சேர் ஒரு பிஸ்கட் பெட்டி மூடியால் லீவர்களை மறைத்துக்கொண்டு வலது எஞ்சினைக் குறைத்தார். மூக்கு வலப்பக்கம் கிறுகியது. எங்கள் ஊரில் திரும்புவதைக் கிறுகுவது என்போம். நான் பட்டியை இழுத்தேன். இஸ்மாயில் காக்காவின் தையல் தாங்கியது, விமானமும் நேராக நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வலது கால் உழைக்கிறது, இடது கால் சும்மா கிடக்கிறது, ஆகவே செத்தது இடது. கை இடது லீவரில் போய் விழுந்தது.

அவருடைய கை என் கையின்மேல் விழுந்தது.

"மறுகா?"

"இடது எஞ்சின் செத்துப்போச்சு சேர்."

"மறுகா?"

"அத நிப்பாட்டப் போறன்."

"நிப்பாட்டினா மறுகா?"

அப்போதுதான் கேட்டது, இடது எஞ்சின் என் காதுக்குப் பக்கத்தில் நல்ல சுகத்தோடு இரைந்துகொண்டிருப்பது. அவரே சொன்னார்: "மறுகா ரெண்டு பேரும் மீனுக்குச் சாப்பாடு."

கையெழுத்துப் போடவில்லை. அந்தக் கிழமையில் இன்னும் நாலு முறை செய்தோம். மூன்று முறை கை மாறிப் போனது. நாலாவது முறை சரியாகப் போனதும் குருட்டுவாக்கில்தான் என்று எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது. என் காலோடு நான் ஒரு மாதிரிச் சமாதானமாகி இருந்தவன். இப்போது கையும் என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது. திரும்பவும் தராசுக்கே போகிறேன் என்று ஒரு கடிதம் எழுதி அவர் மேசையில் வைத்தேன்.

அவர் அதைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டகைக்கு வரச் சொன்னார். போனபோது அவர் விமானத்தின் இடது ஆசனத்தில், என் ஆசனத்தில், உட்கார்ந்திருந்தார். வலது சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தை என் பட்டிக்குள் நுழைத்திருந்தார். இடது காலை மிதியிலிருந்து எடுத்துக் கீழே வைத்திருந்தார்.

"நீ அந்தப் பக்கம் இருந்து உன்ட மிதிய மிதி. வலமோ இடமோ, நீ நினைச்ச பக்கம். நான் கண்ண மூடிக்கொண்டு எதிர்த்துப் பிடிச்சு, செத்த பக்கத்து லீவரத் தொடுறன். பாப்பம்."

நான் வலது மிதியை அழுத்தினேன், வலது எஞ்சின் நின்றால் மூக்கு போவதுபோல. அவர் பல்லைக் கடித்துப் பட்டியை இழுத்தார். கை போய் இடது லீவரைத் தொட்டது. கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். மறுபடி மூடினார். திரும்பச் செய்தோம். திரும்பவும் இடது. முப்பது வருடம் பறந்த மனிதர், தன் கை தன்னை ஏமாற்றியதைப் பார்த்துவிட்டுப் பட்டியிலிருந்து காலை எடுத்தார்.

"பிழை உன்ட காலில இல்லடா யோகன்," என்றார். "நாங்க உனக்குப் படிப்பிச்ச வசனத்தில. அது ரெண்டு காலாலயும் மிதிக்கிறவனுக்குச் செஞ்ச வசனம். அத உனக்குத் தந்தது என்ட பிழை. உனக்கு வேற வசனம் செய்வம்."

நான் அழுதேன். அதுவரை என் காலைப் பார்த்துப் பாவம் என்றவர்கள் உண்டு, கெட்டிக்காரன் என்றவர்கள் உண்டு. என் இடத்தில் உட்கார்ந்து, தன் சப்பாத்தைக் கழற்றி, என்னைப்போலவே பிழைவிட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் ஓர் இஞ்சி இனிப்பை எடுத்து என் பக்கம் நீட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய வசனத்தை அங்கேயே செய்தோம். காலை மறந்துவிட வேண்டும். மூக்கைப் பார்க்கவேண்டும். மூக்கு செத்த பக்கம்தான் போகும், அது எந்தக் காலுக்கும் பொருந்தும். கை எங்கே போனாலும், வாய் கேட்டுப் பதில் வரும்வரை எதையும் இழுக்கக் கூடாது. "சத்தமாக் கேள்," என்றார். "மனசுக்குள்ள கேட்டா கை காத்திருக்காது. தமிழில கேள். இங்கிலீசில கேட்டா அந்தப் பழைய வசனம் முந்திக்கொண்டு வரும்." இப்படித்தான் "மூக்கு எங்க கிறுகுது?" பிறந்தது. நானே கேட்பேன், நானே பதில் சொல்வேன். மூன்று கிழமை கழித்து மறுபடி பரீட்சை. ஆறு முறை நிறுத்தினார், ஆறு முறையும் சரி. கையெழுத்துப் போட்டார். என் அனுமதிப்பத்திரத்தில் ஒரு வரி ஏறியது: அங்கீகரித்த சப்பாத்தோடும் பட்டியோடும் மட்டும்.

முதல் பதினொரு வருடம் இப்படியே ஓடியது. அந்தப் பதினொரு வருடமும் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயணிகள் வருவதற்கு அரைமணி முன்பே போய் ஆசனத்தில் உட்கார்ந்துவிடுவேன். எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் இறங்குவேன். என்னோடு பறந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு என் பின்மண்டையும் தொப்பியும்தான் தெரியும். நான் நடப்பதை ஒருவரும் பார்க்கக்கூடாது. பார்த்தால் ஏறமாட்டார்கள் என்று பயம்.

அந்தப் பயம் சரி என்பது ஒரு காலையில் மட்டக்களப்பில் தெரிந்தது. எரிபொருள் விஷயமாக ஒரு தாமதம், நான் கட்டடத்துக்குப் போய்வர வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது பயணிகள் ஐந்து பேரும் விமானத்தடியில் நிற்கிறார்கள். அவர்கள் கண் முன்னால் நான் இழுத்து இழுத்து நடந்து வந்தேன். ஐவரில் ஒருவர் கிரான் பக்கத்து வட்டவிதானை சாமித்தம்பி. வயல்வட்டைக்கு நீர் பங்கிடுகிற பெரிய மனிதர், உடம்பும் பெரிது. கொழும்பில் மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, கையில் ஒரு தயிர்முட்டியோடு, மண்பானை நிறையத் தயிரோடு, போகிறார்.

"ஆரு, இவரா ஓட்டுறது?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். "கால் ஏலாத ஆளுக்கிட்டயா பிளேனக் குடுத்திருக்கிங்க? நான் பஸ்ஸில போறன்."

எங்கள் உத்தியோகத்தர் கெஞ்சினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவரை ஏற்றியது தயிர்தான். பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் போனால் புளித்துவிடும். அப்போது எங்களுக்குத் துணை விமானி இல்லை, தாளின்படி பாரம் கூடிய அவருக்கு எனக்குப் பக்கத்து ஆசனம். ஓடுபாதைக்குப் போகும்வரை என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"மிதிக்க ஏலுமா தம்பி?"

"மிதிக்க ஏலா ஐயா. இழுப்பன்."

அந்தப் பதில் அவருக்கு ஆறுதலாக இருக்கவில்லை.

ஓடுபாதை முடிந்து வாவி தொடங்குகிற இடத்தில், முந்நூறு அடி உயரத்தில், வலது எஞ்சின் ஒருமுறை இருமி நின்றது. பரீட்சை இல்லை, உண்மை. பின்னால் நாலு உயிர், பக்கத்தில் ஒன்று, கீழே தண்ணீர். வலது கால் தானாகப் பட்டியை இழுத்தது. இழுத்தும் மூக்கு இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. பதினொரு வருடப் பழக்கத்தில் வாய் கத்தியது: "மூக்கு எங்க கிறுகுது?"

கேட்டேன். பதில் சொல்லவேண்டியவனும் நான்தான். பதில் வாய்க்கு வருமுன் கை போய்விட்டது. குனிந்து பார்த்தபோது என் கை இடது லீவரைப் பிடித்திருந்தது. பழைய வசனம், இங்கிலீசு வசனம், எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு கைக்கு வந்திருந்தது. விரல்கள் இறுகத் தொடங்கிவிட்டன.

பக்கத்தில் இருந்து ஒரு குரல், வயலின் மறுகரைக்குக் கேட்கிற குரல்:

"வலப்பக்கம், மனே! வலப்பக்கம் கிறுகுது!"

அவரைக் கேட்கிறேன் என்று நினைத்து அவர் பதில் சொன்னார். அவ்வளவுதான். என் கை இடது லீவரை விட்டு வலதுக்குப் போனது. மெல்ல இழுத்தேன், ஒரு மாற்றமும் இல்லை, செத்தது அதுதான். நிறுத்தினேன். இடது எஞ்சின் எங்களைப் பிடித்துக்கொண்டது. வாவிப் பாலத்துக்கு மேலாக இடப்பக்கம் சுற்றி வந்து இறக்கினேன். நிலத்தில் தட்டியபோது தயிர்முட்டி உடைந்து முழுவதும் என் சப்பாத்தில் கொட்டியது.

மற்றவர்கள் இறங்கி ஓடினார்கள். சாமித்தம்பி ஓடவில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து, அந்தப் பெரிய உடம்பை மடித்துக் குனிந்து, என் உயர்ந்த சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கினார். அந்தச் சப்பாத்தை நான் யாரையும் தொட விட்டதில்லை.

"விடுங்க ஐயா."

"இரு மனே. தயிர் பட்டா தோல் நாறும்."

துடைத்து முடித்து, என்னோடு இறங்கி, என் நடைக்கு நடையாகக் கட்டடம்வரை வந்தார். பாதி வழியில் நின்று மிகவும் அக்கறையோடு கேட்டார்: "கோவிக்காதீங்க தம்பி. உங்களுக்கு வலம் இடம் தெரியாதா?"

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. சில வேளை மறந்துபோகும் ஐயா என்றேன். "காலும் ஏலா, வலம் இடமும் தெரியா. நல்ல ஆளத்தான் பிடிச்சிருக்காங்க" என்று தலையை ஆட்டினார். உத்தியோகத்தர் வந்து பின்னேரம் வேறு விமானம் வருகிறது என்றார். சாமித்தம்பி என்னைக் காட்டி, "இவரா ஓட்டுறது?" என்று கேட்டார். இல்லை, வேறு விமானி என்றதும், "அப்ப நான் பஸ்ஸில போறன்" என்று போய்விட்டார்.

நிறுவனத்தில் எனக்கு மாலை போட்டார்கள். நான் அறிக்கை எழுதினேன். எஞ்சின் நின்றது, பக்கம் கண்டேன், நிறுத்தினேன், இறக்கினேன். கை போன இடத்தை எழுதவில்லை. எழுதினால் அனுமதிப்பத்திரத்தில் உள்ள அந்த ஒற்றை வரியைக் காட்டி எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். கால் ஏலாதவனுக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டால், கையெழுத்துப் போட்ட டெஸ்மண்ட் சேருக்கும் தலைக்குனிவு.

அவர் அறிக்கையை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "மறுகா?"

"அவ்வளவுதான் சேர்."

"மறுகா?"

"பயணிகள் எல்லாரும் சுகம் சேர்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மறுகா?"

மூன்றாவது மறுகா. கையை நீட்டித் தாளைத் திருப்பி வாங்கி, அவர் முன்னாலேயே எழுதினேன். என் கை எங்கே இருந்தது, யார் என்ன சொன்னார், எந்தச் சொல்லுக்குப் பிறகு கை மாறியது, எல்லாம். சாமித்தம்பியின் வார்த்தைகளை அவர் சொன்னபடியே எழுதினேன். டெஸ்மண்ட் சேர் வாசித்தார். வாசித்துவிட்டு, "நாளையில இருந்து நீ பறக்கேலாது" என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. வாசல்வரை போன என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு நல்ல கால் உள்ளவங்களும் கைய மாத்திப் போட்டிருக்காங்க யோகன். நானும்தான். ஒருத்தனும் எழுதல்ல" என்றார்.

இரண்டு மாதம் தராசில் நின்றேன். பிறகு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். அதே பிஸ்கட் பெட்டி மூடி. மூக்கு கிறுகியது. நான் கேட்டேன். நான் பதில் சொல்வதற்கு முன்னால் என் பக்கத்தில் இருந்து, கிரான் வயற்காரனின் குரலில், அந்த மடிப்புக் கலையாத சட்டைக்காரர் சொன்னார்: "வலப்பக்கம், மனே!"

சொல்லிவிட்டு வழக்கம்போல வெளியே பார்த்துக்கொண்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒருமுறைதான்.

கீழே வந்து கையெழுத்துப் போட்டார். அந்த மாதமே கைநூலில் புதிய விதி வந்தது. கால் எப்படி இருந்தாலும் எல்லா விமானிகளும் சத்தமாகக் கேட்கவேண்டும், பக்கத்தில் இருப்பவர் சத்தமாகப் பதில் சொல்லவேண்டும், பதில் வராமல் எந்த லீவரையும் இழுக்கக்கூடாது. தட்டச்சு செய்தவர் கடைசிச் சொல் தேவையா என்று கேட்டாராம். "அறிக்கையில உள்ளபடி போடு" என்றிருக்கிறார் சேர். அன்றிலிருந்து நானும் பயணிகளுக்கு முன்னால் நடந்து போய் ஏறினேன். ஒருவரும் பஸ்ஸுக்குப் போகவில்லை.

டெஸ்மண்ட் சேர் போய்ப் பல வருடமாகிவிட்டது. சாமித்தம்பியைப் பிறகு நான் காணவேயில்லை.

டிலினி, என்னுடைய கடைசிச் சோதனைப் பறப்பு உனக்கு நினைவிருக்கும். நீ புதிதாகச் சேர்ந்திருந்தாய், எனக்குப் பக்கத்து ஆசனம். பின்னால் இருந்த பரீட்சகர் எனக்குத் தெரியாமல் உனக்குச் சைகை காட்டி வலது எஞ்சினைக் குறைக்கச் சொன்னார். நான் கேட்டேன். உன் சிங்கள நாக்கால், ஒரு எழுத்து விடாமல், பாடமாக்கினபடி சொன்னாய்: "வலப்பக்கம், மனே!" என் கண் கலங்கியதைப் பார்த்து வெயிலா சேர் என்று கேட்டாய். ஓம், வெயில் என்றேன்.

மனே என்றால் மகனே. எங்கள் பக்கத்தில் தாய் தகப்பன் பிள்ளையைக் கூப்பிடுகிற சொல். உன்னைவிட முப்பத்தைந்து வயது மூத்தவனை அன்று நீ அப்படித்தான் கூப்பிட்டாய். விமானம் பறக்க அந்தச் சொல் தேவையில்லை, உங்கள் அதிகாரி சொல்வது சரிதான். ஆனால் இதையும் அவரிடம் சொல். அன்றும் என் கை முதலில் இடது லீவருக்குத்தான் போனது. அன்றைய தாளில் அதை எழுதியிருக்கிறேன், தேடினால் கிடைக்கும். நீ கூப்பிட்ட பிறகுதான் வலதுக்கு வந்தது. இருக்கட்டும் பிள்ளை, அதை வெட்டவேண்டாம்.